பேனா யார் கையில் இருக்கிறது?

உயர்தரம் வரை தமிழில் படித்த பிள்ளை, வந்தாறுமூலையில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கோ ஒலுவிலில் இருக்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கோ வந்து முதல் ஒப்படையை ஆங்கிலத்தில் எழுத வேண்டி வந்தால், உதவி தேடிப் போவது பெரும்பாலும் மூன்றாம் வருட அக்காவிடம்தான். அக்காவும் மனமார உதவுவா. சிவப்புப் பேனா எடுத்து, பத்து நிமிடத்தில் தாள் முழுக்கத் திருத்திக் கொடுப்பா. அந்த ஒப்படைக்குப் புள்ளி கிடைக்கும். அடுத்ததில் அதே பிழைகள் திரும்ப வரும். யோசித்தது அக்கா, பார்த்து எழுதியது பிள்ளை.

ஆகவே சக மாணவர் வழிகாட்டலில் முதல் விதி: பேனா எழுதியவர் கையிலேயே இருக்க வேண்டும்.

ஒரு அமர்வுக்கு 40 நிமிடம் போதும். வினாத்தாளையும் கொண்டுவரச் சொல்லுங்கள்; பலர் ஒப்படையை மட்டும் கொண்டுவருவார்கள். முதல் 5 நிமிடம் வினாவுக்கே. 'விளக்குக', 'ஒப்பிடுக', 'மதிப்பிடுக' இவற்றில் எது கேட்கப்பட்டிருக்கிறது என்று வட்டமிடட்டும். ஒப்பிடச் சொன்ன இடத்தில் இரண்டையும் தனித்தனியே விளக்கிவிட்டு வருவதுதான் புள்ளி போகும் முதல் இடம். பிறகு எழுதியவரே சத்தமாக வாசிக்க வேண்டும். தடுக்கும் இடங்களில் அவரே கோடு போடுவார். அந்த இடங்களில் பல அவராகவே திருத்தக்கூடியவை.

மிச்ச நேரத்தில் இரண்டு விடயத்துக்கு மேல் தொட வேண்டாம். எழுத்துப்பிழை கடைசி. "இந்தப் பந்தியில என்ன சொல்ல வாறீங்க, தமிழிலயே சொல்லுங்க" என்று கேளுங்கள். அழகாகச் சொல்வார், சிக்கல் வசனத்தில்தான். தமிழில் 'சென்று, பார்த்து, கேட்டு, எழுதினார்' என்று எச்சங்களைக் கோத்துக்கொண்டே போகலாம், வினைமுற்று கடைசியில் வந்து தாங்கும். அதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால் ஐந்து வரி வசனத்தில் எழுவாய் தொலைந்துவிடும். ஒவ்வொரு வினைக்கும் "யார் செய்தது?" என்று கேட்டால் வசனம் தானாக மூன்றாக உடையும். கணினி மொழிபெயர்த்த பந்தி என்று தோன்றினால் குற்றம் சாட்டாதீர்கள். தாளை மூடிவிட்டு அதை விளக்கச் சொல்லுங்கள். விளக்க முடியாத பந்தியை அங்கேயே திரும்ப எழுத வைக்க வேண்டும்.

கேள்வி கேட்டபின் வாயை மூடியிருப்பதுதான் வழிகாட்டிக்குக் கடினமான வேலை. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளில் அளந்து பார்த்தபோது, ஆசிரியர்கள் பதிலுக்குக் காத்திருந்தது சராசரியாக ஒரு செக்கன்தான். 3 செக்கனோ அதற்கு மேலோ காத்திருந்த இடங்களில் பதில்கள் நீண்டன. இரண்டாம் மொழியில் பதில் தேடும் பிள்ளைக்கு 10 செக்கன் கொடுங்கள்.

ஆங்கிலத்தில் பேசிப் பழக ஃபோன் ஒலிப்பதிவு நல்ல ஆசான். மூன்று நிமிடம் பேசி, உடனே கேட்க வேண்டும். முழுவதையும் பாடமாக்கினால் ஒரு சொல் மறந்ததும் எல்லாம் நின்றுவிடும். முதல் வசனமும் கடைசி வசனமும் மட்டும் பாடமாக இருக்கட்டும். 'இஸ்கூல்' என்று வருவது சோம்பலால் அல்ல, தமிழ்ச் சொல் இரு மெய்யோடு தொடங்காது என்பதால். 'ஸ்ஸ்ஸ்' என்று இழுத்துவிட்டு 'கூல்' சேர்க்கச் சொன்னால் முன்னால் வரும் 'இ' மெல்ல விழும். வாரத்துக்கு ஒரு ஒலி போதும். மட்டக்களப்புப் பேச்சின் இராகத்தை மாற்றச் சொல்லவே வேண்டாம், அது பிழையில்லை.

வழிகாட்டியாக அதிக புள்ளி எடுத்தவரைத்தான் எடுக்க வேண்டும் என்றில்லை. பொறுமையாகக் கேட்பவரை எடுங்கள். ஒரு நாளில் இரண்டு அமர்வுக்கு மேல் கொடுக்காதீர்கள். இன்னொன்று: இலங்கையின் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையை (ராகிங்) தடை செய்தபின்னும், சீனியர் கூப்பிட்டார் என்றாலே புதுமுக மாணவருக்கு நெஞ்சு படபடக்கும். அதனால் விடுதி அறையில் அமர்வு வைக்க வேண்டாம். நூலகத்தில், எல்லோரும் பார்க்கும் மேசையில், நேரத்தைப் புதுமுக மாணவரே தெரிவுசெய்து பெயர் எழுதும் தாளோடு வையுங்கள்.