கார் கண்ணாடியில் சீனித் துளி

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மாமரம் பூத்ததிலிருந்து அதன் கீழ் நிறுத்தும் காரில் பிசுபிசுவென்று துளிகள் படிகின்றனவாம். மழையும் இல்லை. யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்கிறார்களாம் பக்கத்து வீட்டில்.

செய்வினைதான், செய்தவை தத்துப்பூச்சிகள். பூங்கொத்தில் சாறு குடித்துவிட்டு அவை கழிக்கும் சீனித் தண்ணீர் அது. காய்ந்து இறுகுமுன் கழுவினால் போய்விடும். இதைத் தேன்பனி என்பார்கள். ஆங்கிலத்தில் ஹனிடியூ, சுப்பர்மார்க்கெட்டில் விற்கும் வெளிர்பச்சை முலாம்பழத்துக்கும் அதே பெயர்தான், இனிப்புக்காக வைத்தது. வானத்தின் வியர்வையோ, விண்மீன்களின் எச்சிலோ என்று கி.பி. முதலாம் நூற்றாண்டில் உரோமரான பிளினி யோசித்தார். செய்வினைக்கு அது எவ்வளவோ மேல்.

மரத்தில் உணவைக் கொண்டுசெல்லும் குழாயான உரியத்தில் சீனி ஓடுவது சாதாரண தரத்தில் படித்ததுதான். அந்தச் சாற்றில் சுக்குரோசு ஏராளம், அமினோ அமிலமோ சொற்பம். அந்தச் சொற்பத்துக்காகப் பூச்சி அளவுக்கு மிஞ்சிக் குடிக்கிறது, மிச்சச் சீனியைக் கழிக்கிறது.

சரி, இங்கேதான் எனக்குப் பிடித்த சிக்கல் வருகிறது. அந்தச் சாறு பூச்சியின் இரத்தத்தைவிடச் செறிவானது. செறிவு கூடிய பக்கத்துக்கே நீர் நகரும் என்ற பிரசாரண விதிப்படி உடம்பின் நீரெல்லாம் குடலுக்குள் இழுபட்டு, குடிக்கக் குடிக்க அது உப்பில் போட்ட மாங்காயாய்ச் சுருங்க வேண்டும். சுருங்குவதில்லை. பிரசாரணம் மூலக்கூறுகளை எண்ணுமே தவிர, அவற்றின் பருமனைப் பார்ப்பதில்லை. பிழைப்பு இந்த ஓட்டைக்குள்தான். இதேபோல் உரியச் சாறு குடிக்கும் அழுக்கணவன் பூச்சியில் இதை நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள். குடலில் ஒரு நொதியம் சுக்குரோசைக் குளுக்கோசாகவும் பிரக்டோசாகவும் வெட்டுகிறது. எண்ணிக்கை இரட்டிப்பாகுமே என்கிறீர்களா? பிரக்டோசைக் குடல் சட்டென்று உறிஞ்சிவிடுகிறது. குளுக்கோசுகள் ஒன்றோடொன்று கோக்கப்பட்டுச் சங்கிலியாகின்றன. எத்தனை கண்ணி இருந்தாலும் ஒரு சங்கிலி ஒரே மூலக்கூறுதான். கடைசியில் பின்பக்கமாக விழும் துளியின் பிரசாரண அழுத்தம் இரத்தத்தினதற்கு ஏறத்தாழச் சமம்!

அப்புறம் அந்தத் துளிக்கு முசுறு வரும், இலையில் கறுப்புப் பங்கசு படரும்.

பூச்சியின் குடலை ஆராயவெல்லாம் எதற்குக் காசு என்பவர்கள் 2008ஐ நினைத்துப் பார்க்கலாம். பப்பாசியை மொய்த்த மாவுப்பூச்சி இலங்கையில் கண்டறியப்பட்டது அந்த ஆண்டுதான். அதுவும் தேன்பனி கழிக்கும் இனம். அடுத்த ஆண்டு புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்த நுண்ணிய குளவிகள் அதை அடக்கின. எந்தக் குளவி எந்தப் பூச்சிக்குள் முட்டையிடும் என்று முன்பே யாரோ சம்பளம் வாங்கிப் பார்த்து வைத்திருந்தார்கள்.