க்ராக்கடைல் டியர்ஸ்: முதலை அழுத கதையும் நீலி அழுத கதையும்

ஆங்கிலத்தில் 'க்ராக்கடைல் டியர்ஸ்' என்று ஒரு தொடர் உண்டு. மனசுக்குள் துக்கம் துளியும் இல்லாமல் வெளியே அழுது காட்டுவது என்று அதற்குப் பொருள். 'முதலைக் கண்ணீர்' என்று அதைத் தமிழாக்கி, 'முதலைக் கண்ணீர் வடிக்கிறார்' என்று மேடையிலும் பத்திரிகையிலும் தாராளமாகப் புழங்குகிறோம். பழகிப்போனதால் அது நம் ஊர்ப் பழமொழி போலவே ஒலிக்கிறது.

ஆனால் நம் பழைய நூல்களில் வரும் முதலை அழுவதில்லை. குறிஞ்சிப்பாட்டு 'கொடுந்தாள் முதலையும் இடங்கரும் கராமும்' என்று முதலையில் மூன்று வகை சொல்கிறது. ஆழமான தண்ணீருக்குள் முதலை எதையும் வெல்லும், கரைக்கு வந்தால் மற்றவை அதை வென்றுவிடும் என்கிறது குறள் (495). 'மூர்க்கனும் முதலையும் கொண்டது விடா' என்பது பழமொழி. யானையின் காலைக் கவ்விய கஜேந்திரன் கதை முதலையும், அவிநாசியில் பிள்ளையை விழுங்கிய சுந்தரர் கதை முதலையும் இந்த வரிசையில்தான் சேரும். பலம், பிடிவாதம், விடாப்பிடி: இவைதான் தமிழில் முதலையின் குணங்கள். நான் படித்த வரையில் எந்த முதலையும் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கவில்லை. அழுகிற முதலை நமக்கு வந்தது ஐரோப்பாவிலிருந்து.

அங்கே அது மிகப் பழைய நம்பிக்கை. கிரேக்க, லத்தீன் எழுத்துகளில் வேர்விட்டு, டச்சு அறிஞர் எராஸ்மஸ் 16ஆம் நூற்றாண்டில் தொகுத்த பழமொழித் திரட்டிலும் இடம்பிடித்தது. ஆங்கிலம் படித்தவர்களிடையே அதைப் பரப்பியதில் பெரும் பங்கு 'சர் ஜான் மாண்டவில்' என்ற பெயரில் உலவிய பயண நூலுக்கு உண்டு. 14ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரெஞ்சில் தோன்றி, பிறகு ஆங்கிலத்துக்கு வந்த நூல் அது. அதில் முதலை வாழும் நாடு எது தெரியுமா? இந்தியாதான். இந்தியா முழுக்க முதலை என்னும் நீளப் பாம்புகள் ஏராளம், இவை இரவில் நீரிலும் பகலில் பாறை இடுக்கிலும் கிடக்கும், மனிதரைக் கொன்று அழுதுகொண்டே தின்னும் என்கிறது நூல். தின்னும்போது மேல்தாடையைத்தான் அசைக்கும், கீழ்த்தாடையை அசைக்காது, அதற்கு நாக்கே கிடையாது என்றும் சேர்த்துச் சொல்கிறது.

தாடையும் நாக்கும் பற்றிய இந்தச் செய்தி, அதற்கு 1,700 ஆண்டுகளுக்கும் மேல் முந்தைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எகிப்து நாட்டு முதலையைப் பற்றி எழுதியதிலேயே இருக்கிறது. இரண்டும் தவறு. முதலைக்கு நாக்கு உண்டு. அது வாயின் அடித்தளத்தோடு ஒட்டியிருப்பதால் நம்மைப்போல் வெளியே நீட்ட முடியாது, அவ்வளவுதான். கீழ்த்தாடையும் நன்றாகவே அசையும். முதலையை நேரில் பார்க்காதவர்கள் ஒருவர் எழுதியதை இன்னொருவர் எடுத்து எழுதி வந்த வழி இது. கண்ணீரும் அதே வழியில்தான் வந்து சேர்ந்தது.

ஆங்கிலம் கற்பவர்கள் இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதலை அழுகிறது என்று சொன்னவர்கள் எல்லாரும் ஒரே கதையைச் சொல்லவில்லை. இரண்டு கதைகள் இருந்தன.

முதல் கதையில் முதலை இரையைத் தின்றுகொண்டே அழுகிறது. மாண்டவில் சொன்னது இது. இரண்டாவது கதையில் முதலை இரையை வரவழைக்க அழுகிறது. 1564-65இல் ஆங்கிலேயக் கடலோடி ஜான் ஹாக்கின்ஸ் நடத்திய கடற்பயணத்தில் உடன் சென்ற ஜான் ஸ்பார்க் எழுதிய குறிப்பில் இது வருகிறது: முதலை மனிதரைப்போலவே தேம்பித் தேம்பி அழும், யாரோ பாவம் என்று அருகே போனால் கவ்விக்கொள்ளும். ஷேக்ஸ்பியர் 'ஆறாம் ஹென்றி' இரண்டாம் பாகத்தில் எடுத்தாள்வதும் இந்த இரண்டாவது கதையைத்தான். இரக்கப்பட்டு நிற்கும் வழிப்போக்கரைச் சோகம் காட்டிச் சிக்கவைக்கும் முதலை அங்கே வருகிறது. அவருடைய 'ஒதெல்லோ' நாடகத்தில், மனைவி சிந்தும் ஒவ்வொரு துளியும் ஒரு முதலையாகும் என்று சந்தேகத்தில் வெந்துபோன கணவன் ஒதெல்லோ கத்துகிறான். பார்க்கிற நமக்குத் தெரியும், அவள் கண்ணீரில் பொய்யே இல்லை என்று.

இதற்கிடையே 1563இல், லண்டன் பிஷப்பாக இருந்த எட்மண்ட் கிரிண்டல், ஒருவருடைய பணிவு போலிப் பணிவாகவும் கண்ணீர் முதலைக் கண்ணீராகவும் இருக்குமோ என்று அஞ்சுவதாக எழுதியிருக்கிறார். விலங்கை விட்டுவிட்டு மனிதரைச் சொல்லும் தொடராக அது அப்போதே மாறிவிட்டது.

இன்றைய ஆங்கிலத்தில் முதல் கதையின் பொருளே ஓங்கி நிற்கிறது. ஆயிரம் பேரை வேலையைவிட்டு அனுப்பிய முதலாளி அவர்கள் குடும்பங்களை நினைத்து வருந்துவதாக அறிக்கை விடுகிறார் என்றால், அது க்ராக்கடைல் டியர்ஸ். கெடுதல் செய்த கையே கண்ணைத் துடைக்கிறது, கேட்டவருக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபம்தான் இந்தத் தொடரின் உயிர். யாரும் தன்னைப் பற்றி இப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. அடுத்தவரைக் குற்றம் சாட்டத்தான் இது பயன்படும். ஆகவே நேரில் ஒருவர் அழும்போது வாய் தவறிக்கூடச் சொல்லிவிடக் கூடாது.

இலக்கணமும் கொஞ்சம் பார்த்துவிடலாம். எப்போதும் பன்மைதான்: டியர்ஸ். கூட வரும் வினை பெரும்பாலும் 'ஷெட்'. 'வீப்', 'க்ரை' என்றாலும் சரி. இன்னொன்று, கண்ணீர் என்றால் 'டியர்', கிழிப்பது என்றால் 'டேர்'. ஒரே எழுத்துக்கூட்டல், இரண்டு உச்சரிப்பு. தமிழில் 'வடிக்கிறார்', 'சிந்துகிறார்' இரண்டும் பொருந்தும்.

சரி, முதலை உண்மையிலேயே அழுமா? முதலைக்குக் கண்ணீர்ச் சுரப்பி உண்டு. கண்ணின் குறுக்கே ஓடும் மூன்றாவது இமையும் உண்டு. நீரைவிட்டு வெகுநேரம் வெளியே இருந்தால் கண்ணில் ஈரம் தெரியும். ஆனால் தின்னும்போது வருகிறதா என்பதுதான் கேள்வி. அமெரிக்காவில் ஃப்ளோரிடாவில் உள்ள ஒரு பண்ணையில், விலங்கியலாளர் கென்ட் வ்லியட்டும் நரம்பியல் மருத்துவர் மால்கம் ஷேனரும் அதைப் படம்பிடித்துப் பார்த்தார்கள்; 2007இல் முடிவை வெளியிட்டார்கள். நீரிலேயே தின்றால் கண்ணீர் எது, தண்ணீர் எது என்று பிரிக்க முடியாதே. அதனால் தரையில் தின்னப் பழக்கப்பட்ட அலிகேட்டர், கெய்மன் வகைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டும் முதலையின் நெருங்கிய உறவுகள். மொத்தம் 7 விலங்குகள். அவற்றில் 5 தின்னும்போது கண்ணீர் விட்டன. சிலவற்றின் கண்ணோரத்தில் நுரை கட்டிக் குமிழிகூட வந்தது. தின்னும்போது அவை புஸ் புஸ் என்று மூச்சை வெளியே தள்ளும். அந்தக் காற்று கண்ணீரை நெருக்கி வெளியேற்றுகிறது என்று அவர்கள் கருதினார்கள். ஆக, மாண்டவில் நாக்கு விஷயத்தில் தவறினாலும் கண்ணீர் விஷயத்தில் அவ்வளவாகத் தவறவில்லை. தவறியது உள்நோக்கம் கற்பித்ததில்தான். முதலைக்குத் துக்கமும் இல்லை, நடிப்பும் இல்லை.

இப்போது தமிழுக்கு வருவோம். இந்தத் தொடருக்கு நிகராகப் பலரும் முதலில் சொல்வது 'நீலிக் கண்ணீர்'. அகராதிகளிலும் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. நீலியின் கதையைக் கேட்டால் காரணம் புரியும்.

திருவாலங்காட்டை ஒட்டிய பழையனூரில் நடந்ததாகச் சொல்லப்படும் கதை அது. முற்பிறவியில் கணவன் தன் மனைவியைக் கொன்றுவிடுகிறான். மறுபிறவியில் அவன் வணிகனாகப் பிறக்கிறான். அவள் பேயாகத் தொடர்கிறாள். கள்ளிக் கொம்பு ஒன்றைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பழையனூர்ச் சபையில் வந்து நின்று அழுகிறாள். இவர் என் கணவர், என்னையும் பிள்ளையையும் கைவிட்டுவிட்டார் என்று முறையிடுகிறாள். இவள் பெண் அல்ல, பேய் என்று வணிகன் கதறுகிறான். அவனிடம் காப்புக்கு ஒரு வாள் இருக்கிறது. அதைக் கண்டால் பயமாக இருக்கிறது, வாங்கிவிடுங்கள் என்று அவள் கேட்க, ஊர்ப் பெரியவர்களான வேளாளர் எழுபது பேரும் அதை வாங்கி வைத்துக்கொண்டு, உன் உயிருக்கு எங்கள் உயிர் பிணை என்று சொல்லி இருவரையும் ஒரே அறையில் விடுகிறார்கள். விடிந்தால் வணிகன் பிணம். சொன்ன சொல் தவறாமல் எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள். உமாபதி சிவாசாரியாரின் சேக்கிழார் புராணம் இதைப் பாடுகிறது. அதற்கும் வெகு முன்னால், 7ஆம் நூற்றாண்டிலேயே, திருஞானசம்பந்தர் திருவாலங்காட்டுப் பதிகத்தில் 'வஞ்சப் படுத்தொருத்தி வாணாள் கொள்ளும் வகை கேட்டு' என்று பாடியிருப்பது இந்த நீலியைத்தான் என்பார்கள்.

நீலியின் கண்ணீர் நம்பவைப்பதற்கான கண்ணீர். காரியம் முடிவதற்கு முன்னால் வருவது. வாளைப் பறித்தது அந்தக் கண்ணீர்தான். அதாவது ஜான் ஸ்பார்க்கின் முதலைக்கும் ஷேக்ஸ்பியரின் வழிப்போக்கரைச் சிக்கவைக்கும் முதலைக்கும் அவள் சரியான இணை. ஆனால் இன்றைய ஆங்கிலம் சொல்கிற, கெடுத்துவிட்டு வருந்துவதாகக் காட்டும் முதலைக்கு அவள் இணை அல்ல. அந்த முதலாளி அறிக்கையை 'நீலிக் கண்ணீர்' என்று எழுதினால் படிப்பவருக்குப் புரியும்தான். ஆனால் குறி கொஞ்சம் தள்ளி விழும்.

இன்னொரு வருத்தமும் உண்டு. நீலி என்பது பெண்ணின் பெயர். அதனால் இந்தத் தொடர் பெண்கள் அழும்போதுதான் சட்டென்று வாயில் வந்துவிடுகிறது. கதையில் நீலிக்கு முன்னே கொலை செய்தவன் கணவன் என்பதை எல்லாரும் மறந்துவிட்டோம். அவள் சொன்ன கதை பொய், அவள் பட்ட காயம் பொய்யல்ல. புகார் சொல்லி அழுகிற ஒரு பெண்ணை நீலி என்பது, கேட்காமலே தீர்ப்புச் சொல்வது. ஒதெல்லோ செய்ததும் அதுதான். எழுதுகிறவர்கள் இந்தச் சொல்லைக் கையில் எடுக்குமுன் ஒருமுறை யோசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அப்படியானால் முதலாளி அறிக்கைக்கு எது பொருத்தம்? நம்மிடமே ஒரு நல்ல பழமொழி இருக்கிறது: ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். தின்ன நினைக்கிற வாய் பரிவு பேசுகிறது. ஆங்கிலத் தொடரின் இன்றைய பொருளுக்கு இவ்வளவு பக்கத்தில் வேறெதுவும் வராது. 'ஆட்டுக்காக ஓநாய் வடிக்கும் கண்ணீர்' என்று சுருக்கினாலும் தமிழ்க் காது உடனே பிடித்துக்கொள்ளும். 'பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது' பக்கத்து வீடு மாதிரி. அங்கே கண்ணீர் இல்லை, சமாதானம் செய்வதுபோல் நடிப்புதான் இருக்கிறது. பகைவர் அழுதால் என்ன நினைக்க வேண்டும் என்பதற்கு 'கூடா நட்பு' அதிகாரத்தில் குறளே இருக்கிறது:

தொழுதகை யுள்ளும் படையொடுங்கும் ஒன்னார்
அழுதகண் ணீரும் அனைத்து.

கும்பிடுகிற கைக்குள்ளும் ஆயுதம் ஒளிந்திருக்கும், பகைவர் விடுகிற கண்ணீரும் அப்படிப்பட்டதுதான் என்கிறது (828). முதலையும் வேண்டாம், நீலியும் வேண்டாம். இந்தக் கருத்துக்குத் தமிழில் இவ்வளவு பழைய வீடு இருக்கிறது.

இதற்காக 'முதலைக் கண்ணீர்' என்பதைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. கடன் வாங்கியதென்றாலும் காலூன்றிவிட்ட தொடர். தெலுங்கில் மொசலி கன்னீரு, கன்னடத்தில் மொசளெ கண்ணீரு, இந்தியில் மகர்மச்சின் கண்ணீர் என்று அக்கம்பக்கத்து மொழிகளிலும் அது இருக்கிறது. மொழிபெயர்க்கும்போது இடம் பார்த்துப் போட்டால் போதும். கெடுத்தவரே இரங்கினால் ஓநாய், அல்லது முதலை. நம்பவைத்துக் காரியம் சாதிக்க அழுதால் நீலி. பொம்மை கேட்டு அழுகிற குழந்தையையும் ஆங்கிலத்தில் க்ராக்கடைல் டியர்ஸ் என்று செல்லமாகக் கடிந்துகொள்வார்கள். அங்கே இரண்டுமே அதிகம். 'பொய் அழுகை' என்றோ 'கள்ள அழுகை' என்றோ சொன்னால் சரியாக இருக்கும்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் முதலையை மாற்றவே கூடாது. முகவாதம் (முகத்தின் ஒரு பக்கம் செயலிழப்பது) வந்து குணமாகும்போது சிலருக்கு, உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போக வேண்டிய நரம்பு இழைகள் வழிமாறிக் கண்ணீர்ச் சுரப்பியில் போய்ச் சேர்ந்துவிடும். சாப்பாட்டை வாயில் வைத்ததும் எச்சில் ஊறுவதோடு அந்தப் பக்கக் கண்ணிலிருந்து நீர் வழியும். 1920களில் ரஷ்ய மருத்துவர் பொகராட் இதை விவரித்தார். மருத்துவத்தில் இதற்குக் 'க்ராக்கடைல் டியர்ஸ் சிண்ட்ரோம்' என்று பெயர். இங்கே அழுகை, நடிப்பு, வஞ்சகம் எதுவுமே இல்லை. தின்னும்போது கண்ணில் நீர் வருவது ஒன்றுதான் ஒற்றுமை. இதை 'முதலைக் கண்ணீர் நோய்க்குறி' என்றுதான் எழுத வேண்டும். 'நீலிக் கண்ணீர்' என்று போட்டால் நோயாளி மேல் இல்லாத பழி விழும்.