ரிவெஞ்ச் டிராஜெடி: பழிவாங்கல் துன்பியல்

கொலையுண்ட உறவினருக்காகப் பழிவாங்கப் புறப்பட்டவர், எண்ணியதை முடிக்கும்போது தாமும் அழிந்துபோகும் நாடக வகையை ஆங்கிலத் திறனாய்வு 'ரிவெஞ்ச் டிராஜெடி' என்கிறது. 16-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இலண்டன் அரங்குகளில் இவ்வகை செழித்திருந்தது. பெயரோ பிற்கால ஆய்வாளர்கள் இட்டது.

'டிராஜெடி' என்பதன் மூலமான கிரேக்கச் சொல்லுக்கு 'ஆட்டுப் பாடல்' என்று பொருள். அந்த ஆடு பலிக்கு உரியதா, பரிசுக்கு உரியதா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. 'ரிவெஞ்ச்' பழைய பிரெஞ்சு வழியாக, உரிமை கோருதலையும் தண்டித்தலையும் ஒருங்கே குறித்த 'விந்திகாரே' என்னும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. நீதி கேட்கும் குரல் அந்த வேரிலேயே இருக்கிறது.

உரோமானியரான செனெகாவின் 'தையெஸ்டிஸ்' நாடகம் 1560-இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அதன் ஆவியும் குருதியும், 1580-களில் தாமஸ் கிட் எழுதிய 'ஸ்பானிஷ் டிராஜெடி'யில் புது உருவம் பெற்றன. பழி கேட்கும் ஆவி, பித்து, காலந்தாழ்த்தல், நாடகத்துக்குள் நாடகம் என்று ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' வரை தொடரும் கூறுகள் அனைத்தும் அதில் உள்ளன. அதன் நாயகர் ஹியரோனிமோ ஒரு நீதி அதிகாரி. ஊராருக்கு நீதி வழங்கும் அவருக்கு, மகன் ஹொரேஷியோவின் கொலைக்கு நீதி கிடைக்கவில்லை. தன் மகனையும் கொன்றுவிட்டார்கள் என்று முறையிட வரும் ஒரு முதியவரின் கண்ணீரைத் துடைக்க அவர் துணியை எடுத்து நீட்டுகிறார். கையில் வருவதோ மகனின் குருதி தோய்ந்த கைக்குட்டை. அடுத்த கணமே மற்றவர்களின் மனுக்களைப் பல்லால் கிழிக்கிறார். இவ்வகையின் சாரம் முழுவதும் இந்த ஒரு காட்சியில் திரண்டிருப்பதாகவே நான் கருதுகிறேன்.

தமிழில் இதற்கு 'வஞ்சின நாடகம்' என்ற பெயரை எண்ணிப் பார்க்கலாம். புறத்திணையில் வஞ்சினக் காஞ்சி என்றொரு துறையே உண்டு. ஆனால் வஞ்சினம் சூளுரையோடு நின்றுவிடும். அதன் பின்விளைவை அச்சொல் தாங்காது. 'பழி' தாங்கும். பழிக்குப் பழி என்னும்போது அது பதிலடி. பழிக்கு ஆளானான் என்னும்போது அதுவே குற்றமும் நிந்தையும். பிறரிடம் பழி வாங்கியவரே பழி சுமந்து நிற்கும் இந்நாடகங்களுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே 'பழிவாங்கல் துன்பியல்' என்பதே தகும். 'பழிவாங்கல் அவல நாடகம்' என்றாலும் பொருந்தும். 'பழிவாங்கும் கதை' என்று சுருக்கினால், பகைவரை வீழ்த்தி நலமாக வீடு திரும்பும் நாயகர்களின் கதைகளும் அதில் சேர்ந்துவிடும்.