பிளேட்லெட் இருக்கட்டும், கடைசியாகச் சிறுநீர் எப்போது போனார்?

டெங்கு வார்டு வாசலில் நிற்கும் சொந்தக்காரர்கள் கேட்பது ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைப் பற்றிய ஒரே கேள்விதான்: "பிளேட்லெட் எவ்வளவு டாக்டர்?" கடைசியாகச் சிறுநீர் எப்போது போனார், எவ்வளவு போனார் என்று நாங்கள் திருப்பிக் கேட்டால் பதில் வருவதில்லை. காய்ச்சல் விட்டாயிற்று, பிளேட்லெட்டும் 80,000 இருக்கிறது என்று வீட்டுக்குக் கூட்டிப்போனவரை மறுநாள் கை கால் சில்லிட்ட பிறகு தூக்கிக்கொண்டு ஓடிவருகிறார்கள். எத்தனை முறைதான் இதைப் பார்ப்பது?

டெங்குவில் உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் ரத்தம் கொட்டுவதால் வருவதில்லை. ரத்தக் குழாய்களிலிருந்து பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதி, கசிந்து வயிற்றுக்குள்ளும் நுரையீரலைச் சுற்றியும் தேங்குகிறது. குழாய்க்குள் மிஞ்சும் ரத்தம் கெட்டியாகிறது, அளவும் குறைகிறது. அதனால் சிறுநீரும் குறைகிறது. இந்தக் கசிவு தொடங்குவது பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் நேரத்தில், அதாவது 3-ஆம் நாளிலிருந்து 7-ஆம் நாளுக்குள். 24 முதல் 48 மணி நேரம் வரை நீடிக்கும். காய்ச்சல் விட்டதும் எழுந்து உட்கார்ந்து, பசிக்கிறது என்று கேட்டால் நல்லது. காய்ச்சல் விட்டும் துவண்டு படுத்திருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வாருங்கள்.

இப்போது பிளேட்லெட் விஷயம். டெங்குவில் அது குறையத்தான் செய்யும், கசிவு நின்று ஓரிரு நாளில் தானாக ஏறும். ஏற்றுகிற பிளேட்லெட்டும் உடலில் அதிக நேரம் தங்குவதில்லை. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 20,000-க்குக் கீழே போன, ஆனால் பெரிய ரத்தக்கசிவு இல்லாத பெரியவர்களுக்குத் தடுப்பாக பிளேட்லெட் ஏற்றிப் பார்த்தார்கள். 2017-ல் வந்த முடிவு: ரத்தக்கசிவு குறையவில்லை, பக்கவிளைவுகள்தான் கூடின. ரத்தம் கசிகிறவருக்குத் தேவைப்படலாம், மிகவும் கீழே இறங்கினால் மருத்துவர் யோசிப்பார். எண்ணை மட்டும் பார்த்து "ஏற்றுங்கள், ஏற்றுங்கள்" என்று நெருக்காதீர்கள். 25,000 உள்ளவர் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார், 90,000 உள்ளவர் ஷாக்கில், அதாவது உறுப்புகளுக்கு ரத்த ஓட்டம் போதாத நிலையில், இருப்பார். காலையில் 42,000, மாலையில் 38,000 என்றால் அது சரிவே இல்லை. எண்ணுகிற மெஷினில் அந்த அளவு வித்தியாசம் சாதாரணம்.

நாங்கள் பார்க்கிற எண் வேறு. அதே ரிப்போர்ட்டில் பி.சி.வி. அல்லது ஹீமட்டோக்ரிட் என்று ஒரு வரி இருக்கும். ரத்தம் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்று அது சொல்லும். முதல் நாள் 36 இருந்தது 43-ஐத் தாண்டினால் 20 சதவீத ஏற்றம். கசிவு பலமாக இருக்கிறது என்று பொருள். ஆனால் முதல் நாள் எவ்வளவு இருந்தது என்று தெரிந்தால்தானே ஒப்பிட முடியும்? அதனால்தான் காய்ச்சலின் முதல் மூன்று நாளுக்குள் எடுத்த ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள் என்கிறோம். பயிற்சி மருத்துவர்களுக்கு ஒரு வார்த்தை: பி.சி.வி. இறங்குகிறது, நோயாளி மட்டும் தேறவில்லை என்றால் உள்ளே ரத்தக்கசிவைத் தேடுங்கள். அவருக்கு வேண்டியது ரத்தம், இன்னொரு பாட்டில் சலைன் அல்ல.

பி.பி.யிலும் மேல் எண்ணை மட்டும் பார்த்து ஏமாறுகிறார்கள். 100/82 என்று காட்டினால் "நூறு இருக்கிறதே" என்று விட்டுவிடக் கூடாது. இரண்டுக்கும் இடைவெளி 18தான். 20-ம் அதற்குக் கீழும் ஷாக்கின் அடையாளம். கையைத் தொட்டுப் பாருங்கள், சில்லென்றிருக்கும். விரல் நுனியை அழுத்திவிட்டு எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் சிவக்க வேண்டும், அது தாமதமாகும். நோயாளி அப்போதும் தெளிவாகப் பேசிக்கொண்டிருப்பார், அதுதான் எல்லோரையும் ஏமாற்றுகிறது.

விடாத வயிற்றுவலி, திரும்பத் திரும்ப வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுப்பு மலம், அளவுக்கு மீறிய அசதி அல்லது இருப்புக்கொள்ளாத தவிப்பு, 6 மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை: இவற்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், சர்க்கரை நோயாளிகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அதற்கும் முன்பே வரவேண்டும்.

"எதற்கும் ரெண்டு பாட்டில் ஏற்றிவிடுங்கள்" என்பது அடுத்த தொல்லை. வாயால் குடிக்க முடிகிறவருக்கு ஓ.ஆர்.எஸ். போதும். அபாய அறிகுறி இருந்து டிரிப்ஸ் தேவைப்பட்டால் கிலோவுக்கு மணிக்கு 5 முதல் 7 மில்லி என்று ஓரிரு மணி நேரம், பிறகு 3 முதல் 5, பிறகு 2 முதல் 3 என்று படிப்படியாகக் குறைக்கிறோம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னால் நாடி, பி.பி., பி.சி.வி. பார்க்கிறோம். சிறுநீர் கிலோவுக்கு மணிக்கு அரை மில்லி, அதாவது 60 கிலோ உள்ளவருக்கு மணிக்கு 30 மில்லி வந்தால் போதும். கசிவு நின்றபின் வெளியே தேங்கிய நீர் தானாகவே ரத்தத்துக்குத் திரும்பும். அந்த நேரத்திலும் டிரிப்ஸ் ஓடிக்கொண்டிருந்தால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். டிரிப்ஸை நிறுத்தினால் தயவுசெய்து சண்டைக்கு வராதீர்கள்.

காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும். குழந்தைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், 6 மணி நேர இடைவெளியில். ஆஸ்பிரின், ஐபுப்ரூஃபென், டைக்ளோஃபெனாக் கூடவே கூடாது. சதையில் ஊசியும் வேண்டாம், போட்ட இடத்தில் ரத்தம் கட்டும். காய்ச்சல் இருக்கும்வரை நோயாளி பகலிலும் கொசுவலைக்குள்தான் படுக்க வேண்டும். டெங்கு தொட்டால் ஒட்டாது; ஆனால் அவரைக் கடித்த ஏடிஸ் கொசு சில நாள் கழித்து அடுத்த கட்டில்காரருக்கும் உங்களுக்கும் அதைக் கொடுக்கும்.

வீட்டில் வைத்துப் பார்க்கிறவர்கள் ஒரு தாளில் மணி, குடித்தது எத்தனை மில்லி, சிறுநீர் எத்தனை முறை என்று எழுதி வாருங்கள். வரும்போது பழைய ரிப்போர்ட்டுகளோடு அந்தத் தாளையும் கையோடு கொண்டு வாருங்கள்.