மஞ்சித் தூளுக்கு அஞ்சாத பிரேக்

பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலைப் பக்கம் போகிற ரோடுகளில் மஞ்சி மில்கள், அதாவது தேங்காய் நார் மில்கள், அதிகம். ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும்போது, காயப்போட்ட மஞ்சியிலிருந்து கிளம்பும் தூள் ரோட்டின் மேல் ஒரு சாண் உயரத்துக்குப் பறந்துகொண்டே இருக்கும். பைக்கில் போகிறவர்களுக்குக் கண் எரியும். எனக்குப் பிரேக் அழும்.

நான் ஓட்டுவது ரிக்கம்பண்ட் டிரைக். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. சாய்வு நாற்காலியில் கிடப்பதுபோலக் கால்நீட்டி உட்கார்ந்து மிதிக்கும் சைக்கிள். பிரேக் முன்சக்கரங்களில்தான். அவை 20 அங்குலச் சக்கரங்கள் என்பதால், 160 மில்லிமீட்டர் டிஸ்க் பிரேக் மாட்டினால் சக்கரத்தோடு சுற்றும் அதன் தட்டின் அடிவிளிம்பு தரையிலிருந்து 17 சென்டிமீட்டரில் நிற்கிறது. சரியாகத் தூள் பறக்கும் உயரம். தட்டின் தடிமன் 2 மில்லிமீட்டருக்கும் குறைவு. அதற்கும், அதை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் பேடுக்கும் இடையே அரை மில்லிமீட்டர்கூட இடம் இருக்காது. ஒரு மஞ்சி இழை சிக்கினால் போதும், வீடு வரைக்கும் சர்சர் என்று கூடவே வரும். போதாக்குறைக்கு, இரண்டு சக்கர சைக்கிள்போல டிரைக் வளைவில் சாயாது. பக்கவாட்டு விசை முழுவதும் ஒரே பக்கம் பிடித்திருக்கும் அச்சில் இறங்கும். அச்சு மயிரிழை வளைந்தாலும் தட்டு பேடில் உரசும்.

அதனால்தான் டிஸ்கை விட்டு டிரம் பிரேக்குக்கு மாறினேன். டிரம் பிரேக்கில் எல்லாமே மூடிய பெட்டிக்குள் நடக்கிறது. நம் ஊரில் தேங்காய் மூட்டை ஏற்றிப்போகும் டிவிஎஸ் எக்ஸெல் வண்டியில் இருப்பதும் இதே அமைப்புதான். அரைவட்டக் கட்டைகள் இரண்டு. ஒருமுனையில் இரண்டும் ஒரு ஊசியில் மாட்டியிருக்கும். மறுமுனையில், நடுவே கேம் என்கிற ஒரு நெம்புகட்டை. கேபிளை இழுத்தால் கேம் திரும்பிக் கட்டைகளை விரிக்கும், கட்டைகளின் மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டையான லைனர், சக்கரத்தோடு சுற்றும் டிரம்மின் உள்சுவரை அழுத்தும்.

இங்கேதான் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இருக்கிறது. எந்தக் கட்டையின் மேல் டிரம் கேம் முனையிலிருந்து ஊசி முனையை நோக்கி ஓடுகிறதோ, அந்தக் கட்டையை உராய்வே பிடித்திழுத்து இன்னும் இறுக்குகிறது. கதவுக்கடியில் செருகிய ஆப்பு, கதவைத் தள்ளத் தள்ள இறுகுமே, அதுபோல. எதிர்க்கட்டையை அதே உராய்வு விலக்கப் பார்க்கும். ஆனால் இறுகும் கட்டையின் லாபம் அந்த நட்டத்தைவிட அதிகம். 90 மில்லிமீட்டர் டிரம்மின் ஆரம் 45 மில்லிமீட்டர்தான். டிஸ்கில் பேடு பிடிப்பதோ அச்சிலிருந்து 70 மில்லிமீட்டருக்கு மேல். அந்தக் குறையை ஈடுகட்டுவதில் இந்த ஆப்புக்குப் பெரிய பங்கு. சுழற்சி திரும்பினால் கட்டைகளின் வேலையும் இடம் மாறிக்கொள்ளும். அதனால் இடச்சக்கரம் வலச்சக்கரம் இரண்டிலும் ஒரே பிடி. மேட்டில் வண்டி பின்னால் உருண்டாலும் அதே பிடி.

மாற்றும் வேலைக்கு வருவோம். சக்கரத்தின் நடுவில் இருக்கும் டிஸ்க் ஹப்பின்மேல் ஒட்டவைக்கிற சமாச்சாரம் இல்லை இது. ஹப்பே டிரம்மாக வரும். 1902-ல் நாட்டிங்காமில் தொடங்கி இப்போது தைவானின் சன்ரேஸ் கையில் இருக்கும் ஸ்டர்மி-ஆர்ச்சர், ஒருபக்க அச்சுக்கென்றே 70, 90 மில்லிமீட்டர் டிரம் செய்கிறது. சக்கரத்தைப் பிரித்து, குட்டையான போக்ஸ் கம்பி போட்டுப் பின்னி, கோட்டம் எடுக்க வேண்டும். பெரிய ஹப்பும் சின்ன ரிம்மும் சேரும்போது ஒவ்வொரு கம்பியும் இன்னொரு கம்பியை ஒரு முறை குறுக்கே கடந்தால் போதும். அதற்குமேல் கடந்தால் ரிம்மில் கம்பி ரொம்பச் சாய்ந்து நுழைந்து, அதை ரிம்மில் இறுக்கும் நிப்பிள் பக்கத்தில் முறியும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், கட்டைகள் உட்கார்ந்திருக்கும் தட்டைச் சுழலாமல் பிடிக்கும் நாக்கு. கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறையில் அந்த நாக்கைச் செய்யக் கொடுத்தேன். பட்டறைக்காரர், "ஏனுங்க, சைக்கிள்தானுங்களே, மூணு எம்எம் தகடு போதாதுங்களா?" என்றார். அவர் பெஞ்சிலேயே சாக்பீஸால் கணக்குப் போட்டோம். ஆளும் வண்டியுமாக 110 கிலோ. நொடிக்கு நொடி வேகம் 5 மீட்டர் குறையும்படி நிறுத்த 550 நியூட்டன் வேண்டும், சக்கரத்துக்கு 275. டயரின் ஆரம் கால் மீட்டர் என்பதால் முறுக்கம் சுமார் 69 நியூட்டன் மீட்டர். நாக்கு அச்சிலிருந்து 5 சென்டிமீட்டரில் பிடித்தால் அதன்மேல் கிட்டத்தட்ட 1,380 நியூட்டன், அதாவது 140 கிலோ. மூன்று மூட்டை சிமெண்டுக்குக் கொஞ்சம்தான் குறைவு. "அப்படீன்னா எட்டு எம்எம்லயே வெட்டித் தர்றனுங்க" என்றார். நாக்கு மாட்டும் காடியில் ஆட்டம் இல்லாமல் உட்காரும்வரை அரத்தால் ராவியும் கொடுத்தார். ஆட்டம் இருந்தால் ஒவ்வொரு பிரேக்கும் சுத்தியல் அடியாக விழுந்து காடியை அகலப்படுத்தும்.

புது லைனர் முதல் சில நாட்கள் மந்தமாகத்தான் பிடிக்கும். டிரம்மின் வளைவுக்குத் தேய்ந்து படிந்த பிறகே முழுப்பிடி வரும்.

வெப்பம்தான் டிரம் தோற்கும் இடம். அதே 110 கிலோ 700 மீட்டர் உயரம் இறங்கினால் விடுபடும் ஆற்றல் சுமார் 7.5 லட்சம் ஜூல். இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கலாம். காற்று ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும், மீதி பிரேக்குக்கு. டிஸ்க் காற்றிலேயே ஓடுவதால் சீக்கிரம் ஆறும். மூடிய டிரம்மில் சூடு தங்கும். சூட்டில் டிரம் விரிந்து கட்டையை விட்டு விலகும், லைனரின் உராய்வும் குறையும். லீவர் கைப்பிடி வரைக்கும் வரும், வண்டி நிற்காது. வால்பாறை மலையைத் தினமும் இறங்குகிறவருக்கு டிஸ்க்தான் சரி என்பேன். பொள்ளாச்சிச் சமவெளியில் சுற்றுகிற எனக்கு டிரம்.

எப்போதாவது வால்பாறை போனால், இறங்கும்போது நீளமாகப் பிடித்தபடி வருவதில்லை. வளைவுக்கு முன்னால் அழுத்திப் பிடித்து, பிறகு விட்டுவிடுவேன். 40 கொண்டை ஊசி வளைவுகளில் கீழிருந்து 9-வது, ஆழியாறு அணை தெரிகிற லோம்ஸ் காட்சிமுனை. அங்கே ஓரங்கட்டி, ஹப்பில் வெறும் கையை வைக்க முடிகிறவரை உட்கார்ந்திருப்பேன்.