ஸ்கோப்புக்குத் துணையாக ஒரு ரெட் டாட்: அதை எங்கே பொருத்துவது?

ரெட் டாட்டை, அதாவது சின்னக் கண்ணாடிச் சன்னலில் சிவப்புப் புள்ளியைக் காட்டிக் குறிபார்க்க வைக்கும் கருவியை, வாங்கி வைத்துக்கொண்டு "இதை எங்கே மாட்டலாம்?" என்று கேட்டு வருகிறவர்கள்தான் அதிகம். இடத்தை முடிவு செய்துவிட்டு வாங்கப் போகிறவர்கள் குறைவு. ரைஃபிளில் ஸ்கோப்பும் அதைத் தாங்கும் மவுன்ட்டும் பொருத்திக் கொடுப்பது, பிறகு அதே ரைஃபிளை வைத்து ரேஞ்சில் பயிற்சி கொடுப்பது, இரண்டும் என் வேலை. அதனால் மேசையில் கச்சிதமாகத் தெரிந்த அமைப்பு ரேஞ்சில் ஆளைப் படுத்தும் பாட்டையும் நான்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. விலை உயர்ந்த டாட், நல்ல மவுன்ட், எல்லாம் இருக்கும். ஆனால் டாட்டைத் தேடித் தலை மேலும் கீழும் அலைந்துகொண்டிருக்கும். அநேகமாகக் குற்றம் கருவியில் இல்லை, அது உட்கார்ந்திருக்கும் இடத்தில்தான்.

முதலில், இரண்டாவது டாட் உங்களுக்குத் தேவையா? உங்கள் ஸ்கோப் 1-6 அல்லது 1-8 வகை (1 மடங்கிலிருந்து 6 அல்லது 8 மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டுவது) என்றால், 1-க்குத் திருப்பி வைத்தாலே கிட்டத்தட்ட ரெட் டாட் போலத்தான் வேலை செய்யும். அதற்கு மேல் இன்னொன்றை ஏற்றுவது, ஜூம் வளையத்தைத் திருப்பும் அந்த ஒரு நொடியை மிச்சப்படுத்தத்தான். அந்த நொடி முக்கியமான போட்டிகள் உண்டு, மறுக்கவில்லை. 3-இலோ 5-இலோ தொடங்கும் ஸ்கோப் கதை வேறு. 5-25 ஸ்கோப்பில் பத்து மீட்டர் தூரத்து இலக்கைப் பார்த்தால் மங்கலான ஒரு நிறம்தான் தெரியும். அங்கே துணை டாட் ஆடம்பரம் இல்லை. தூரத்து இலக்கை முதலில் டாட்டில் பிடித்து, அப்புறம் ஸ்கோப்புக்குள் கண்ணை இறக்குகிறவர்களும் உண்டு.

இந்த யோசனை புதிதும் இல்லை. 1990-களில் ஜெர்மன் ராணுவம் எடுத்துக்கொண்ட ஜி36 ரைஃபிளின் கைப்பிடிக்குள்ளேயே கீழே 3 மடங்கு ஸ்கோப்பும் அதன் தலைமேல் ஒரு ரெட் டாட்டும் சேர்ந்தே இருந்தன.

இன்று நடைமுறையில் இரண்டு இடங்கள்தான். ஒன்று, ஸ்கோப்பின் தலைமேல், 12 மணி நிலையில். ஸ்கோப்பைச் சுற்றிக் கவ்வும் ரிங்கின் மேல் மூடிக்குப் பதில் ஒரு தட்டைப் பொருத்தி அதில் டாட்டை உட்கார வைப்பார்கள். இன்னொன்று, பக்கவாட்டில் 45 அல்லது 35 டிகிரி சாய்வில். வலது கைக்காரருக்கு வலப்பக்கம். ரைஃபிளை உட்பக்கமாக உருட்டினால் டாட் கண்ணுக்கு நேரே வரும்.

தலைமேல் வைப்பதில் முதலில் கணக்குப் போட வேண்டியது உயரம். ஏஆர்-15 போன்ற ரைஃபிளில் சாதாரண உயர மவுன்ட்டில் ஸ்கோப்பின் மையம் பேரலின் மையத்திலிருந்து 7 செ.மீ. அளவுக்கு மேலே இருக்கும். அதன்மேல் டாட் ஏறும்போது பார்வைக் கோடு 10 செ.மீ. அல்லது அதற்கும் மேலே போய்விடும். இதை 50 மீட்டரில் ஜீரோ செய்து, அதாவது அந்தத் தூரத்தில் புள்ளி வைத்த இடத்திலேயே குண்டு விழும்படி சரிசெய்து வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 5 மீட்டரில் சுட்டால் புள்ளி வைத்த இடத்துக்கு 9 செ.மீ. கீழே அடிக்கும். சிறிய இலக்கென்றால் அது சுத்தமான தவறல். சரி, கிட்ட இருப்பதற்காகத்தானே டாட், 25 மீட்டரில் ஜீரோ செய்துவிடலாமே என்று சிலர் நினைப்பார்கள். இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். பார்வைக் கோடு அவ்வளவு உயரத்தில் இருக்கும்போது 25 மீட்டரிலேயே குண்டை அந்தக் கோட்டுக்குக் கொண்டுவர வேண்டுமானால் பேரல் நன்றாக மேல்நோக்கி நிற்க வேண்டும். விநாடிக்கு 900 மீட்டர் வேகத்தில் புறப்படும் குண்டை எடுத்துக்கொண்டால், 25 மீட்டர் ஜீரோவோடு 100 மீட்டரில் அது சுமார் 25 செ.மீ. மேலே போய் அடிக்கும். அதே உயர டாட்டை 50 மீட்டரில் ஜீரோ செய்தால் 100 மீட்டரில் 6 செ.மீ. சுமாருக்கு மேலே, அவ்வளவுதான். டாட் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அந்த அளவுக்குக் கிட்டத்து ஜீரோ உங்களைத் தண்டிக்கும். தலைமேல் வைப்பவர்களுக்கு 50 மீட்டருக்குக் குறைந்து ஜீரோ செய்ய நான் சொல்வதில்லை. கிட்டத்தில் எவ்வளவு மேலே பிடிக்க வேண்டும் என்பதைக் கைப்பழக்கமாக்கிக்கொள்வதுதான் வழி.

இந்த உயரத்தில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. எங்கள் ரேஞ்சில் மரத் தடுப்புகளின் மேல் விளிம்பைத் தடவிப் பார்த்தால், வரிசையாகப் பிறை வடிவில் அரை அரைத் துளைகள் தட்டுப்படும். எல்லாம் மேல் விளிம்புக்கு ஓரிரு விரல் கீழே தொடங்கி மேலே வாய் பிளந்தவை. சுட்டவருக்கு டாட்டில் இலக்கு தெளிவாகத் தெரிந்திருக்கும். கண் தடுப்புக்கு மேலே, பேரல் வாய் தடுப்புக்குப் பின்னால். மரத்தில் பட்டால் சிராய் பறப்பதோடு போகும். கல்லிலோ இரும்பிலோ பட்டால் குண்டின் துண்டுகள் முகத்தை நோக்கியே திரும்பும். தலைமேல் டாட் வைத்திருக்கிறவர் தடுப்புக்கு மேலே சுடும்போது, டாட்டில் தெரிவதை நம்பாமல், பேரல் வாய் விளிம்பைத் தாண்டியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும்.

சாய்வு டாட் இந்த விஷயத்தில் மேல். ரைஃபிளை 45 டிகிரி உருட்டிய பிறகு, அது பேரலிலிருந்து 5, 6 செ.மீ. உயரத்தில்தான் நிற்கும். 50 மீட்டர் ஜீரோவில் 5 மீட்டரில் 5 செ.மீ. கீழே. சமாளிக்கலாம். ஆனால் இதில் ஒரு சின்னக் கோணல் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. 45 டிகிரி என்று மவுன்ட்டில் எழுதியிருப்பது டாட்டின் சாய்வை. பேரலின் மையத்திலிருந்து பார்த்தால் டாட் பெரும்பாலும் அந்த 45 டிகிரிக் கோட்டில் உட்காருவதில்லை, கொஞ்சம் உள்ளே தள்ளித்தான் இருக்கும். ஆகவே ரைஃபிளை உருட்டியதும் டாட் பேரலுக்கு நேர் மேலே வராமல் 2 செ.மீ. அளவுக்கு இடப்பக்கம் விலகி நிற்கும். 50 மீட்டரில் ஜீரோ செய்திருந்தால் அதற்கு உள்ளே குண்டு கொஞ்சம் வலப்பக்கமும், 100 மீட்டரில் 2 செ.மீ. இடப்பக்கமும் போகும். பெரிய தலைவலி இல்லை. தெரியாமல் இருந்தால்தான் டாட்டைத் திருகிக்கொண்டே இருப்பீர்கள்.

சாய்வு டாட்டை ஜீரோ செய்யும்போது ரைஃபிளை உருட்டிய நிலையிலேயே சுடுங்கள். நிமிர்த்தி வைத்துக்கொண்டு தலையை டாட்டுக்குக் கொண்டுபோய் ஜீரோ செய்ததாகச் சொன்ன ஒருவருக்கு, குண்டு எந்தத் தூரத்திலும் சொன்ன இடத்தில் விழவில்லை.

இனி உடம்பு. சாய்வு டாட்டில் பட், அதாவது ரைஃபிளின் பின்கட்டை முனை, தோளிலேயே இருக்கும், கன்னம் அந்தக் கட்டையிலேயே (ஸ்டாக்) இருக்கும், மணிக்கட்டும் முழங்கையும்தான் ரைஃபிளை உருட்டும். ஒரு வாரம் பழகினால் கை தானாகச் செய்யும். தலைமேல் டாட்டுக்குக் கன்னத்தை எடுத்துவிட்டுத் தாடையை ஸ்டாக்கில் வைக்க வேண்டும். நின்று சுடுகையில் இது சுகம், கழுத்து நிமிர்ந்தே இருக்கும், காதுக் கவசம் ஸ்டாக்கில் இடிக்காது. படுத்துச் சுடும்போது அதே உயரம் கழுத்தைப் பின்னால் வளைக்கச் சொல்லும். போதாதற்குப் பாதுகாப்புக் கண்ணாடியின் மேல் சட்டம் டாட்டுக்கும் கண்ணுக்கும் குறுக்கே வரும்.

தோள் மாற்றிச் சுடுகிறவர்கள் சாய்வு டாட்டில் திண்டாடுவார்கள். வலப்பக்க டாட்டை இடது தோளிலிருந்து பார்க்க ரைஃபிளை முகத்தை விட்டு வெளிப்பக்கமாக உருட்ட வேண்டும், பட் தோளில் நிற்காது. அதேபோல் ரைஃபிளை ட்ரைபாடில் கவ்வி வைத்தோ பைபாடில் இறுக்கி வைத்தோ சுடுகிறவர் 45 டிகிரி உருட்டவே முடியாது. நெடுந்தூரம் சுடுகிறவர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு தலைமேல் வையுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

பார்வையை மறைக்கும் சமாச்சாரங்களும் உண்டு. ஸ்கோப்பின் உயரத் திருகு 12 மணியில், பக்கவாட்டுத் திருகு 3 மணியில். இந்தத் திருகுக் குமிழ்கள்தான் டர்ரெட். சாய்வு டாட்டின் பார்வை இந்த இரண்டுக்கும் நடுவே ஓடுகிறது. பெரிய டர்ரெட் உள்ள ஸ்கோப்பில் டாட்டை டியூபோடு ஒட்டிப் பின்னால் வைத்தால் இரண்டு பக்கமும் தூண் முளைத்த மாதிரி இருக்கும். 56 மி.மீ. முன்கண்ணாடி என்றால் கீழ்ப்பாதியில் அதன் விளிம்பும் எட்டிப் பார்க்கும். முன் ரிங்குக்குத் தள்ளினால் டாட்டின் சன்னல் சின்னதாகத் தெரியும், ஆனால் குறுக்கே வருவது குறையும். ரெட் டாட்டுக்குக் கண்ணிலிருந்து இவ்வளவு தூரம்தான் என்ற கட்டுப்பாடு கிடையாது, இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது சன்னல் சிறுத்தது பெரிதாகத் தெரியாது. போல்ட் ரைஃபிள்காரர்கள் வாங்கும் முன் போல்ட்டை முழுதாகத் தூக்கிப் பார்க்க வேண்டும். கைப்பிடியோ கட்டை விரலோ சாய்வு டாட்டில் போய் இடிக்கும். தானியங்கி வகைகளில் வலப்பக்கம் தோட்டாக் கூடு வெளியேறும் வழி, அதன் புகையும் கரியும் திறந்த வகை டாட்டின் விளக்கில் படியும். மழையிலும் புழுதியிலும் சுடுகிறவர்கள், எங்கே வைத்தாலும் சரி, மூடிய வகை டாட்டை எடுப்பது நல்லது.

எங்கே வைக்கக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முன்கை பிடிக்கும் ஹேண்ட்கார்டில் வைக்காதீர்கள். தடுப்பில் சாய்த்து அழுத்தினால் அது வளையும், அதோடு ஜீரோவும் நகரும். நீண்ட நேரம் சுட்டால் பேரலின் சூடும் ஏறும். ஸ்கோப் டியூபை நேரடியாகக் கவ்வும் மலிவு மவுன்ட்டும் வேண்டாம், குறிப்பாக டர்ரெட் பக்கத்தில். வெளியே லேசான நசுக்கல், உள்ளே கண்ணாடிகளைத் தாங்கும் குழாயில் இறுக்கம், பிறகு ஸ்கோப் திருகுக்குச் சரியாகக் கட்டுப்படாது.

ரிங்கின் மேல் மூடியைக் கழற்றித் தட்டைப் பொருத்துகிறீர்களா? அப்படியானால் பிரதான ஸ்கோப்பின் ஜீரோவையும் மறுபடி சுட்டுப் பார்க்க வேண்டும். ரிங் திருகுகளுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் இறுக்கம் 2 நியூட்டன் மீட்டருக்குள்தான், கைக்கணக்கில் இறுக்கினால் எளிதாகத் தாண்டிவிடும். டாட்டின் திருகு நீளத்தையும் பாருங்கள். தட்டைத் துளைத்துக்கொண்டு நுனி டியூபில் கோடு போட்ட ஸ்கோப்புகள் என் மேசைக்கு வருவதுண்டு. ஆர்எம்ஆர், டெல்டாபாயின்ட் புரோ, அக்ரோ என்ற டாட் மாடல்கள் எல்லாவற்றுக்கும் அடிப்பக்கத் துளை அமைப்பு வேறு வேறு. இடையில் அடாப்டர் தட்டு போட்டால் உயரமும் கூடும், தளரக்கூடிய இணைப்பும் ஒன்று கூடும். பேட்டரி அடியில் இருக்கும் டாட் என்றால், மாற்றும்போதெல்லாம் கழற்றி மாட்டி ஜீரோ பார்க்க வேண்டியிருக்கும்.

காசைச் செலவழிக்கும் முன் செய்து பார்க்க ஒரு சோதனை. ரைஃபிளைக் காலி செய்து, மேகசினை எடுத்து, பேரலில் குண்டு ஏறும் அறையைக் (சேம்பர்) கண்ணாலும் விரலாலும் சரிபாருங்கள். நீங்கள் நிற்கும் அறையிலேயே குண்டுகள் இருக்க வேண்டாம். காதுக் கவசம், கண்ணாடி, நீங்கள் வழக்கமாகப் போடும் சட்டை எல்லாம் போட்டுக்கொள்ளுங்கள். கண்ணை மூடி ரைஃபிளைத் தோளுக்குக் கொண்டுவந்து, கண்ணைத் திறந்து முதலில் ஸ்கோப் தெரிகிறதா பாருங்கள். அப்புறம் தலையை அசைக்காமல் ரைஃபிளை மட்டும் உருட்டுங்கள். பிறகு உருட்டாமல் தாடையை மட்டும் உயர்த்துங்கள். நின்று, மண்டியிட்டு, படுத்து, மூன்றிலும். கூட ஒருவர் நின்று உங்கள் தலையைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும், நமக்கு நம் கழுத்து தெரியாது. எது எல்லா நிலையிலும் தலையைக் குறைவாக அலைக்கழிக்கிறதோ அதுதான் உங்கள் இடம்.

என்னைக் கேட்டால், ஜூம் ஸ்கோப்பை நின்றும் நகர்ந்தும் ஒரே தோளில் சுடுகிற பெரும்பாலானவர்களுக்குச் சாய்வு டாட்தான், அதுவும் ஸ்கோப் மவுன்ட்டோடு சேர்ந்த சாய்வுத் தட்டு. 35 டிகிரி கிடைத்தால் இன்னும் நல்லது, கை குறைவாக உருள வேண்டும். புள்ளி அளவு 3-லிருந்து 6 எம்ஓஏ வரை (எம்ஓஏ என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு). 6 எம்ஓஏ புள்ளி 50 மீட்டரில் 9 செ.மீ. அளவை மறைக்கும், இந்த வேலைக்கு அது போதும். போட்டிக்குப் போகிறவர்கள் உங்கள் பிரிவில் இரண்டு ஆப்டிக்ஸ் அனுமதி உண்டா என்று விதிப்புத்தகத்தைப் பார்த்துவிட்டு மவுன்ட்டை ஆர்டர் செய்யுங்கள். பல போட்டிகளில் ஓபன் பிரிவில்தான் இரண்டாவதற்கு இடம்.

பொருத்தி முடித்ததும் திருகுத் தலையிலிருந்து மவுன்ட் வரை பெயின்ட்டில் ஒரு மெல்லிய கோடு இழுத்து வையுங்கள், தளர்ந்தால் கோடு உடைந்து காட்டும். பிறகு 5, 10, 25, 50, 100 மீட்டரில் டாட்டை ஒரே இடத்தில் பிடித்துச் சுட்டு, குண்டு எங்கே விழுகிறது என்பதைச் சின்ன அட்டையில் எழுதி ஸ்டாக்கில் ஒட்டிக்கொள்ளுங்கள். மவுன்ட்டையோ குண்டு வகையையோ மாற்றினால் அந்த அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுத வேண்டும்.