நிரல் கன்சோலுக்குப் போகவில்லையா? ஃபயர்வாலை அணைக்கும் முன் படியுங்கள்

தான் எழுதிய நிரலைக் கணினியிலிருந்து விளையாட்டுக் கன்சோலுக்கு அனுப்ப முடியவில்லை என்று என்னிடம் வருபவர்கள், வருவதற்குள் பெரும்பாலும் இரண்டு காரியங்களைச் செய்து முடித்திருப்பார்கள். எழுதிய நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரை அழித்துவிட்டு மறுபடி நிறுவியிருப்பார்கள்; கணினிக்கு வந்துபோகும் இணைப்புகளை வடிகட்டும் ஃபயர்வாலை முழுவதுமாக அணைத்திருப்பார்கள். முதலாவதால் ஒரு மாலைப்பொழுது வீண். இரண்டாவது ஆபத்து. கோளாறோ பெரும்பாலும் இரண்டு இடத்திலும் இருப்பதில்லை. வலைப்பின்னல்களைப் பழுதுபார்ப்பது என் தொழில் என்பதால் எனக்கு முதலில் தோன்றுவது வேறு கேள்வி: இந்த இரண்டு பெட்டிகளும் ஒன்றையொன்று பார்க்கின்றனவா?

நின்டெண்டோ வீயையே எடுத்துக்கொள்கிறேன். 2006இல் வந்த கன்சோல் அது. சொந்தமாக எழுதிய நிரல்களை அதில் ஓட்டுவதற்கான ஹோம்புரூ சேனல் 2008இல் வெளியானது. இன்றும் கற்றுக்கொள்பவர்கள் அதை விரும்புகிறார்கள். மலிவாகக் கிடைக்கிறது, ஆவணங்களும் நிறைய. நிரலை எஸ்டி அட்டையில் ஏற்றி, கழற்றி, மாட்டி, ஓட்டிப் பார்க்கலாம். ஒரு வரியைத் திருத்தும்போதெல்லாம் அதையே செய்வது அலுப்பு. அதனால் எல்லோரும் வீலோட் என்ற சிறு கருவிக்குப் போகிறார்கள். அது நிரலைச் சுருக்கி, வலைப்பின்னல் வழியாக வீயின் 4299ஆம் போர்ட்டுக்கு, அதாவது இணைப்பு வந்து சேரும் எண்ணிட்ட வாசலுக்கு, அனுப்புகிறது. எதிர்முனையில் ஹோம்புரூ சேனல் அதை வாங்கி, விரித்து, நினைவகத்தில் வைத்து ஓட்டிவிடுகிறது. நடப்பது இவ்வளவுதான்.

கருவி தோற்றுப்போனால் அது காட்டும் பிழைச் செய்தியை முழுதாகப் படியுங்கள். 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்பதற்கும் 'டைம்டு அவுட்' என்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. ஆனால் கேட்க வருபவர்கள் இரண்டையும் 'எர்ரர் வருகிறது' என்றே சொல்கிறார்கள்.

முதலாவது செய்தி வந்தால் ஒருவகையில் நல்ல சேதி. நீங்கள் அனுப்பியது ஏதோ ஒரு பெட்டியைப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அந்த எண்ணில் கேட்பதற்கு இங்கே யாருமில்லை என்று அந்தப் பெட்டியே பதில் சொல்லியிருக்கிறது. பாதை சரி. வீயின் திரையைப் பாருங்கள். ஹோம்புரூ சேனல் திறந்திருக்க வேண்டும். முன்பு அனுப்பிய நிரல் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் சேனல் அங்கே இல்லை, 4299இல் கேட்கவும் ஆளில்லை. நிரலை விட்டு வெளியேறிய உடனே அனுப்பினாலும் இதே கதிதான். சேனல் வலைப்பின்னலைத் தொடங்கச் சில நொடிகள் பிடிக்கும். திரையின் மூலையில் இருக்கும் வலைப்பின்னல் குறி அடங்கும்வரை பொறுத்திருங்கள்.

அதே செய்திக்கு இன்னொரு காரணமும் உண்டு. நேற்று வீக்கு ரவுட்டர் கொடுத்த ஐபி முகவரி (வலைக்குள் ஒரு பெட்டியை அடையாளம் காட்டும் எண்) இன்று வீட்டிலுள்ள பிரிண்டருக்குப் போயிருக்கலாம். நீங்கள் நேற்றைய முகவரிக்கே அனுப்புகிறீர்கள். பிரிண்டருக்கு 4299ஐப் பற்றி என்ன தெரியும்? மறுக்கிறது. நீங்களோ வீ மறுப்பதாக நினைத்துக்கொண்டு நிரலைத் திருத்த உட்காருகிறீர்கள். ஹோம்புரூ சேனலில் ஹோம் பொத்தானை அழுத்தினால் அப்போதைய முகவரி தெரியும். ஒருமுறை ரவுட்டருக்குள் போய் வீக்கென்று ஒரு முகவரியை ஒதுக்கிவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது.

முகவரியைக் கணினியில் எழுதும் விதத்திலும் ஒரு பொறி உண்டு. வீலோட் அதைத் தன் பெயரிலேயே (WIILOAD) உள்ள சூழல் மாறியிலிருந்து, அதாவது இயங்குதளம் நிரல்களுக்காகப் பெயரிட்டு வைத்திருக்கும் மதிப்பிலிருந்து, எடுத்துக்கொள்கிறது. முகவரிக்கு முன்னால் 'டிசிபி' என்ற மூன்று ஆங்கில எழுத்தும் முக்காற்புள்ளியும் (tcp:) இருக்க வேண்டும். வெறும் எண்களை எழுதினால், யுஎஸ்பி ஜெக்கோ என்ற பழைய இணைப்புக் கருவியின் பெயரைத்தான் கொடுத்திருக்கிறீர்கள் என்று அது எடுத்துக்கொள்ளும். விண்டோஸில் மாறியை நிரந்தரமாகப் பதிந்த பிறகு, ஏற்கெனவே திறந்திருந்த கட்டளைத் திரைக்கு அது தெரியாது. திரையை மூடிவிட்டுப் புதிதாகத் திறக்க வேண்டும்.

இனி 'டைம்டு அவுட்'. இதில்தான் என் தொழிலுக்கு வேலை. அனுப்பியது எங்கோ காணாமல் போகிறது, பதிலே இல்லை. இப்போது கட்டளைத் திரையில் 'ஆர்ப்' கட்டளையை (arp -a) ஓட்டிப் பாருங்கள். உங்கள் கணினி அண்மையில் பேசிய பெட்டிகளின் ஐபி முகவரியும், அதற்கு நேராக மேக் முகவரியும் (வன்பொருளுக்கே உரிய அடையாள எண்) பட்டியலாக வரும். வீயின் மேக் முகவரி அதன் அமைப்புகளில், இணையப் பகுதியில், கன்சோல் விவரத்தில் எழுதியிருக்கும். இரண்டையும் ஒப்பிடுங்கள். பொருந்தினால் இரண்டு பெட்டிகளும் ஒரே வலையில் இருக்கின்றன. வேறு மேக் முகவரி இருந்தால் பிரிண்டர் கதை. அந்த வரியே இல்லாவிட்டால், அல்லது முகவரி நிரம்பாமல் நின்றால், வீயின் குரல் உங்கள் கணினியை எட்டவே இல்லை. தேவையற்ற பாதி ஊகங்களை இந்த ஒரு கட்டளையே ஒதுக்கிவிடும்.

எட்டாததற்கு நான் அடிக்கடி பார்க்கும் காரணம் விருந்தினர் வைஃபை. மடிக்கணினி வீட்டின் முதன்மை வைஃபையில் இருக்கும். கன்சோலுக்கு அந்த நீளமான கடவுச்சொல்லைத் தட்டச் சோம்பல்பட்டு விருந்தினர் வைஃபையில் சேர்த்திருப்பார்கள். விருந்தினர்களின் சாதனங்கள் மற்ற சாதனங்களோடு பேசக்கூடாது என்பதற்காகவே அமைத்த வலை அது; தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. விடுதிகளிலும் கல்லூரிகளிலும் முதன்மை வைஃபையிலேயே இந்தத் தடுப்பு இருப்பதுண்டு. 'இரண்டிலும் இணையம் வருகிறதே' என்பார்கள். வரும். இரண்டு பெட்டிகளும் தனித்தனியே வெளியுலகைத் தொடுவது, அவை ஒன்றையொன்று தொடுவதற்குச் சாட்சியல்ல. மடிக்கணினியில் அலுவலக விபிஎன் (வெளியிலிருந்து ஒரு வலைக்குள் போகும் பாதுகாப்பான பாதை) ஓடிக்கொண்டிருந்தாலும் இதே நிலை வரலாம். அதையும் நிறுத்திப் பாருங்கள்.

வீ வைஃபையில் சேரவே மறுத்தால், அதன் வயதை நினைவில் கொள்ளுங்கள். அதற்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரியும். பி, ஜி என்ற பழைய வைஃபை தரங்கள் மட்டுமே தெரியும். டபிள்யூபிஏ3 என்ற புதிய வைஃபை பாதுகாப்பு முறை மட்டும் போதும் என்று அமைத்த ரவுட்டர் அதற்குப் புரியாது. டபிள்யூபிஏ2 போதுமானது, அதற்குக் கீழே இறங்காதீர்கள். பழைய நின்டெண்டோ டிஎஸ் வைத்திருப்பவர்கள் சிலர், அதற்கு வெப் (WEP) என்ற பழைய வைஃபை பூட்டு மட்டுமே தெரியும் என்பதால் வீட்டு ரவுட்டரையே வெப் பாதுகாப்புக்கு இறக்கிவிடுகிறார்கள். வெப் பூட்டை இன்று நிமிடங்களில் உடைக்கலாம். ஒரு விளையாட்டுப் பெட்டிக்காக வங்கிக் கணக்கு பார்க்கும் கைப்பேசியையும் அந்தப் பூட்டின் பின்னால் வைக்க வேண்டாம். பழைய ரவுட்டர் ஒன்றை இணையமே இல்லாமல் தனியாக வைத்து, கணினியையும் டிஎஸ்ஸையும் மட்டும் அதில் சேர்த்தால் போதும். வீக்கு இன்னும் எளிய வழி உண்டு: யுஎஸ்பி லேன் அடாப்டர். கம்பி வந்துவிட்டால் மேலே சொன்ன பாதித் தொல்லைகள் இல்லை. இதையெல்லாம் 2012இல் வந்த வீ மினியில் முயன்று நேரத்தைத் தொலைக்காதீர்கள்; அதில் வைஃபையும் இல்லை, எஸ்டி அட்டைக்கு இடமும் இல்லை.

ஃபயர்வால் விஷயத்துக்கு வருகிறேன். வீலோட் செய்வது வெளிச்செல்லும் இணைப்பு. விண்டோஸின் சொந்த ஃபயர்வால் வழக்கமாக அதைத் தடுப்பதில்லை. ஆகவே வீக்காக அதை அணைத்து ஆவதொன்றுமில்லை. நின்டெண்டோ ஸ்விட்சுக்கு அனுப்பும் என்எக்ஸ்லிங்க் கருவியில் மட்டும் நிலைமை வேறு. முகவரி கொடுக்காவிட்டால் அது வலை முழுவதும் கூவி ஸ்விட்சைத் தேடும். நிரல் அச்சிடும் வரிகளைக் கணினியில் பார்க்க விரும்பினால், ஸ்விட்சே திரும்ப வந்து கணினியின் 28771ஆம் போர்ட்டைத் தட்டும். நிரல் ஓடுகிறது, அச்சிட்ட வரிகள் மட்டும் வரவில்லை என்றால் அங்கே பாருங்கள். விண்டோஸுக்குள் லினக்ஸ் நிறுவி அதிலிருந்து அனுப்புபவர்களுக்கு இது அடிக்கடி நேரும். உள்ளே இருக்கும் லினக்ஸ் தனி முகவரியில் ஒளிந்திருப்பதால் தட்டுவது அதன் காதில் விழுவதில்லை. தீர்வு, அந்தக் கருவியை விண்டோஸிலிருந்தே ஓட்டி, அந்த ஒன்றுக்கு மட்டும், தனியார் வலையில் மட்டும் அனுமதி கொடுப்பது. முழுச் சுவரையும் இடிப்பதல்ல. 'சோதித்துவிட்டு மறுபடி போட்டுக்கொள்ளலாம்' என்று அணைத்தவர்களின் கணினிகளை மாதங்கள் கழித்து அதே நிலையில் பார்த்திருக்கிறேன்.

நிரல் போய்ச் சேர்ந்து திரை கறுத்தால் அது அனுப்பும் கோளாறு அல்ல. செயலியின் பதிவேடுகளிலுள்ள எண்களோடு, நிரல் முறிந்ததைக் காட்டும் எக்செப்ஷன் திரை வந்தால் மகிழுங்கள். அதிலுள்ள நினைவக முகவரியை, கம்பைலரோடு வரும் 'ஆடர்டுலைன்' (addr2line) கருவியிடம், கம்பைலர் உருவாக்கித் தந்த உங்கள் எல்ஃப் (ELF) கோப்போடு கொடுத்தால், எந்த வரியில் விழுந்தது என்று சொல்லிவிடும். பிழைதிருத்தத் தகவலோடு கம்பைல் செய்திருக்க வேண்டும். அட்டையிலிருந்து ஓடும் நிரல் வலைவழியாக அனுப்பினால் மட்டும் தன் படங்களையும் ஒலிகளையும் கண்டுபிடிக்கவில்லையா? அட்டையிலிருந்து தொடங்கும்போது நிரலுக்குத் தன் இருப்பிடம் முழுப் பாதையாகக் கிடைக்கிறது. வீலோட் வெறும் கோப்பின் பெயரைத்தான் கொடுக்கிறது. கோப்புகளுக்கு முழுப் பாதையை எழுதுங்கள்.

இதையெல்லாம்விட என்னை எழுதத் தூண்டியது வேறு. 4299இல் காத்திருக்கும் ஹோம்புரூ சேனல், அனுப்புவது யார் என்று கேட்பதே இல்லை. கடவுச்சொல் இல்லை, கையொப்பச் சோதனை இல்லை. அதே வலையில் இருக்கும் எவரும் எந்த நிரலையும் அனுப்பலாம். வந்த நிரல் வீயின் 512 எம்பி உள்நினைவகத்தில் எழுதி, கன்சோலையே செயலிழக்கச் செய்யவும் கூடும். நண்பர் வீட்டிலிருந்து அனுப்பிப் பார்ப்பதற்காக ரவுட்டரில் அந்தப் போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிட்டவர்களைச் சந்தித்திருக்கிறேன். திறந்திருந்தால் உடனே போய் மூடுங்கள். தொலைவிலிருந்துதான் வேண்டுமென்றால் வீட்டுக்குள் வரும் விபிஎன் ஒன்றை அமைத்துக்கொள்ளுங்கள். பொதுவிடத்து வைஃபையில் சேனலைத் திறந்து வைக்காதீர்கள். அப்படியே ஹோம்புரூ சேனலுக்குப் பணம் கேட்பவர்களையும் நம்பாதீர்கள். அது இலவசம், காசு கொடுத்து வாங்கியிருந்தால் ஏமாந்துவிட்டீர்கள் என்று அதன் நிறுவியே திரையில் எச்சரிக்கும்.

முதல் நிரலை அனுப்பும் முன்பே, வீயின் உள்நினைவகத்தை நகலெடுக்கவும் மீட்கவும் உதவும் பூட்மீ என்ற கருவியைக் கொண்டு உள்நினைவகத்தின் முழு நகலை எடுத்து, எஸ்டி அட்டையிலிருந்து கணினிக்கும் மாற்றி வையுங்கள். அட்டையில் ஒரு ஜிபி இடமாவது காலியாக இருக்கட்டும். நகலோடு வரும் சாவிக் கோப்பையும் விட்டுவிடாதீர்கள். வேறொரு வீயின் நகல் உங்கள் வீக்கு உதவாது.